அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. விஷயம் அவ்வளவுதான். பகலில் சரியாகத் தெரியாது. பொழுது சாய்ந்தால் பூனைக்கண் அளவுக்கு ஒரு வெளிச்சம் சுவரில் தங்கியிருக்கும். ஏழு மாதம் நானும், அண்ணன் முறை வைத்து நான் நானா என்று கூப்பிடும் ஜவஹர் அலியும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். மூன்று டிரைவர் மாற்றினேன். காரணம் மட்டும் பிடிபடவில்லை. அப்படித்தான் அவருடைய டைரியில் எழுதியிருக்கிறது. உங்கள் மேசையில் இருக்கும் அந்தப் பச்சை அட்டை டைரியில்.

நேற்றுக் காலை நானா தானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்து அந்த டைரியை நீட்டி, "எம் பொண்டாட்டி மௌத்துக்கு நாந்தான் காரணம், எழுதிக்குங்க" என்று சொன்னாராம். நீங்கள் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்களாம். நல்ல காரியம், ஐயா. அவர் அந்தத் தேநீரைக் குடித்திருக்க மாட்டார். இப்போது என்னிடம் நீங்கள் கேட்பது ஒரே ஒரு வரி. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வயதான மனிதர் தவறாகப் புரிந்துகொண்டார், அவர் மனைவி இறந்ததில் யாருடைய குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம் என்கிறீர்கள்.

எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வரி உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் எல்.இ.டி. விளக்கின் டிரைவர் என்றால் என்னவென்று முதலில் தெரிய வேண்டும். நான் எளிமையாகவே சொல்வேன். சொல்வதில் எனக்குச் சலிப்பு கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் சுரக்குடி. அப்பா நெல் போட்டவர். நான் பாலிடெக்னிக் முடித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் விளக்குக் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. விற்பதை விடப் பழுது பார்ப்பதுதான் அதிகம். எல்.இ.டி. விளக்கு கெட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் பத்தில் எட்டு விளக்கில் எல்.இ.டி. நன்றாகவே இருக்கும். கெட்டது டிரைவராக இருக்கும். விளக்குக்குப் பின்னால் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி இருக்கிறதே, அது.

எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துச் சொன்னால் சுலபம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் நாற்றங்காலுக்கு ஒரே அளவுதான் பாய வேண்டும். மதகில் ஒருவர் நின்று, ஆறு பெருகினால் பலகையை இறக்கி, குறைந்தால் ஏற்றி, அந்த அளவைக் காப்பார். எல்.இ.டி. ஒரு நாற்றங்கால். அதற்கு ஓல்டேஜ் கொஞ்சம் கூடினாலே கரண்ட் கரையை உடைத்துக்கொண்டு பாயும், கருகிவிடும். ஆகவே கரண்ட் மாறாமல் காவல் காக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் டிரைவர்.

டிரைவர் வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது கரண்ட். விளக்கு முந்நூறு மில்லி ஆம்பியர் கேட்டால் டிரைவரும் முந்நூறுதான் தர வேண்டும். இரண்டாவது, அது கொடுக்கும் ஓல்டேஜ் எல்லை. விளக்குக்கு முப்பத்தாறு வேண்டும் என்றால் டிரைவரின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே முப்பத்தாறு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்றாவதில்தான் நானாவின் மனைவி கைருன்னிஸா லாத்தா இறந்தார்கள்.

ஜவஹர் அலி நானா சவூதியில், தம்மாமில் முப்பத்தொரு வருடம் ஒரு மின்சாதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன வருடம் நிரந்தரமாக ஊர் திரும்பினார். மகள் அஃபீஃபா ஷார்ஜாவில் இருக்கிறாள். பெரிய வீட்டில் இவரும் மனைவியும் மட்டும். ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை என் கடைக்கு வந்து, "ஒளுச் செய்யுற எடத்துல ஒரு வெளக்கு அணைய மாட்டேங்குது, வந்து பாருங்க" என்றார்.

வீட்டின் பின்கட்டில், தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவும் இடம். சிமென்ட் தரை, வரிசையாக மூன்று குழாய், தலை உயரத்தில் சுவரோடு ஓர் அலுமினிய விளக்கு. சுவிட்சை அணைத்தார். விளக்கு மங்கி நின்றது. உள்ளேயிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"அது நம்மள மாதிரி இல்லங்க. ராவெல்லாம் முழிச்சிருந்து தொழுவுது."

"வந்தவருகிட்ட கேலி பேசாத கைரு."

"கேலியா? ஆஃப் பண்ணுனா அணையணும். சொன்னபடி கேக்காதது வீட்டுல ஒண்ணு இருக்குறது போதும்."

நானா சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "சரி பண்றது இருக்கட்டும். ஏன் எரியுது?"

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, ஐயா. சரியாகிவிடுமா, எப்போது ஆகும் என்பார்கள். என் மனைவி ராஜம் உயிரோடு இருந்தபோது, நான் விளக்க ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போவாள். மகன் ரஞ்சித்குமார் பெங்களூரில் இருக்கிறான். போனில் நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் மீட்டிங் வந்துவிடும். நானா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"முப்பத்தொரு வருசம் இந்த டிரைவர் பெட்டிய நம்பர் பாத்து எடுத்துக் குடுத்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தன் சொல்லல. நானும் கேக்கல. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். மதகைப் பற்றியும் நாற்றங்காலைப் பற்றியும் சொன்னேன். லாத்தா ஒரு தட்டில் வாடாவும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்கள். இறால் பதித்த வாடா. "டிரைவரு டிரைவருங்குறீங்க. காரு எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை பேசினேன். நானா எழுந்து, "மீதிய அடுத்த வியாழக்கெழம சொல்லுங்க" என்றார். டைரியில் முதல் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கும். அதன் கீழே, 'டிரைவர் = மதகு ஆள்' என்று எழுதியிருப்பார்.

அன்றைக்கு விளக்கைச் சரிசெய்யவில்லை. நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

அடுத்த வியாழன் போனேன். அதற்கடுத்த வியாழனும் போனேன். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அவர் வந்து உட்காருவார். நான் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். ஒரு வாரம், டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரைத் திறந்து காட்டினேன். சூட்டில் அதற்குள் இருக்கும் ஈரம் உலர்ந்துபோவதால்தான் டிரைவர் சாகிறது. ஆகவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். ஒரு வாரம், தண்ணீர் புகாத டிரைவரின் மேல் அறுபத்தேழு என்று எழுதியிருப்பதன் பொருளைச் சொன்னேன். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. கிளிஞ்சல்மேட்டுப் படகுகளில் மாட்டும் விளக்குகளுக்கு அது இல்லாமல் ஒரு மாதம் தாங்காது. அவர் நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் போல எழுதிக்கொண்டார். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொன்னார். அப்படிச் சொல்கிற பெரியவர்கள் குறைவு.

ஐப்பசியில் மழை பிடித்தபோது விளக்கின் மங்கல் வெளிச்சம் கூடியது. அவர் அதைத் தானாகவே கவனித்து, தினமும் மாலையில் குறித்துவைக்கத் தொடங்கினார். 'மழை, ஒளி அதிகம்.' 'வெயில், ஒளி குறைவு.' நான்கு பக்கம் இருக்கும், பாருங்கள். லாத்தா அதைப் பார்த்து, "எனக்குக் காய்ச்ச வந்தப்ப இப்படி எழுதி வச்சீங்களா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே டைரியை மூடினார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நானும் சிரிக்கலாம் என்று ஆகியிருந்தது.

அந்த விளக்கின் ஓல்டேஜ் டிரைவரின் எல்லைக்கு ஓரத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒருமுறை மாற்றினேன். வெளிச்சம் நிற்கவில்லை. "பரவாயில்ல, இன்னொன்னு பாப்போம்" என்றார் நானா. என்னை அவர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

மார்கழியில் ஒரு வியாழன். நான் உட்காருவதற்கு முன்னாலேயே அவர் டைரியைத் திறந்து வைத்திருந்தார். போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

"சிவநாதன், ஒண்ணு கேக்குறேன். கரண்டு வர்ற ஃபேஸ் கம்பிய சுவிட்சுல விடாம, திரும்பிப் போற நியூட்ரல் கம்பிய சுவிட்சுல விட்டுட்டா, ஆஃப் பண்ணுனாலும் வெளக்கு வரைக்கும் கரண்டு வந்து நிக்குமாமே. அப்பவும் இப்படித்தான் மங்கலா எரியுமாம். நம்ம வீட்டுல அப்படி இருக்குமோ?"

இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் வேலை பழகிய எவனும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

"இல்ல நானா. நம்ம வீட்டுல அப்படி இல்ல. மொத நாளே நான் பாத்துட்டேன்" என்றேன்.

"அப்ப ஆஃப் பண்ணிட்டா வெளக்குல கரண்டு இருக்காது?"

"இருக்காது நானா."

அவர் எழுதிக்கொண்டார். மார்கழிப் பக்கத்தில் அது இருக்கிறது. 'அணைத்தால் விளக்கில் கரண்ட் இல்லை. தொடலாம்.' கீழே கோடு போட்டிருப்பார்.

இப்போது மூன்றாவது விஷயம். டிரைவரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில், வீட்டு மின்சாரமும் எல்.இ.டி.க்குப் போகிற மின்சாரமும் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கம் நிற்பவரிடம் சேதி சொல்லலாம், ஆனால் தொட முடியாது. அந்த மாதிரி. இதைத் தனித்த டிரைவர் என்போம். இன்னொரு ஜாதியில் அந்தச் சுவர் கிடையாது. விலை குறைவு, அளவு சிறியது, வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் வீட்டு மின்சாரம் எல்.இ.டி. பலகை வரைக்கும் நேராக வந்து நிற்கும். பலகைக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவே காகிதம் போல ஒரு தகடு. உயிருக்கும் சாவுக்கும் நடுவில் அது ஒன்றுதான். நம் ஊர் உப்புக்காற்று அந்தத் தகட்டை அரிக்கும்.

ஆகவே தண்ணீர் புழங்கும் இடத்தில், மனிதர்கள் தொடக்கூடிய உயரத்தில், தனித்த டிரைவர்தான் போட வேண்டும். இதை ஒரு வியாழக்கிழமை முழுவதும் நானாவுக்குச் சொன்னேன். தை மாதம் அவரே பட்டியலைப் புரட்டி, கரண்ட், ஓல்டேஜ், தண்ணீர்ப் பாதுகாப்பு எல்லாம் பார்த்து, தனித்த டிரைவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்னை வரவழைக்கச் சொன்னார். மிகச் சரியான தேர்வு. நானே தேர்ந்தெடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மாட்டினேன். சுவிட்சை அணைத்தார். விளக்கு முழுவதும் அணைந்தது. நடுவில் சுவர் வந்துவிட்டதால், அணைத்த பிறகும் கசிகிற துளிக் கரண்டால் எல்.இ.டி.யை எட்ட முடியவில்லை. நாங்கள் பொழுது சாயும் வரை உட்கார்ந்து பார்த்தோம். இருட்டாகவே இருந்தது. நானா கையைத் தட்டினார். லாத்தா கடல்பாசி இனிப்பு கொண்டுவந்தார்கள். "ஆலிம்சா பட்டம் வாங்குன மாதிரி இருக்கு மூஞ்சி" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நானா சொன்னார்: "வேல முடிஞ்சிட்டுன்னு வராம இருந்துராதீங்க. வியாழக்கெழம வியாழக்கெழம வரணும்."

அடுத்த வியாழன் போனேன். கையில் பை இல்லாமல் அந்த வீட்டு வாசலில் நிற்பது எனக்குப் புதிதாக இருந்தது. நானா போனில் பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பேசி முடித்த பிறகு, காவிரித் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை, மீன் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். பிறகு இருவரும் சும்மா இருந்தோம். அவருக்கு அது இயல்பாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி இல்லை. கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். டைரி அலமாரியில் இருந்தது.

அதற்கடுத்த வியாழன் பையோடு போனேன். "அந்தத் தனித்த டிரைவர் நம்ம ஊர் வெக்கைக்குத் தாங்காது நானா. உள்ள ரொம்பச் சூடாவுது. கெப்பாசிட்டர் போயிரும். அதக் கழட்டிட்டு, பழையத மாட்டி வேற வழி பாப்போம்" என்றேன். அது தாங்கியிருக்கும், ஐயா. பத்து வருடம் தாங்கியிருக்கும்.

அவர் ஒரு கணம் யோசித்தார். "தண்ணி பொழங்குற எடத்துல அதுதானே போடணும்னீங்க?"

"ஆஃப் பண்ணிட்டாதான் ஒண்ணும் இல்லையே."

"அதுவும் சரிதான்" என்று எழுந்து போய் டைரியை எடுத்து வந்தார்.

விளக்கைத் திறந்தபோது அலுமினியத்தின் உட்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தகட்டின் ஓரம் தூக்கியிருந்தது. சுவர் இல்லாத பழைய டிரைவரை மாட்டி மூடினேன். பழக்கம் காரணமாக, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை விளக்கின் உடம்பில் வைத்தேன். அதன் சின்னச் சிவப்பு விளக்கு மிக மிக மங்கலாகத் தெரிந்தது. பட்டப்பகலில் இன்னொருவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அந்த வீட்டு விளக்குகளுக்கு எர்த் கம்பி கிடையாது, பழைய வயரிங். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று என் கடையில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதை மாட்ட வேண்டும் என்றால் மெயின் போர்டைத் திறக்க வேண்டும். திறந்தால் நானாவும் பக்கத்தில் நின்று எல்லாக் கம்பியையும் பார்ப்பார். கேள்வி கேட்பார். அடுத்த வியாழன் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று மாலை மங்கல் வெளிச்சம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வியாழன் போனது. நன்றாகப் பேசினோம்.

ரமலான் நோன்புக்கு முந்தைய சனிக்கிழமை, தெருவில் எல்லா வீட்டையும் கழுவினார்கள். தலைப்பிறை பார்ப்பதற்குள் வீடு சுத்தமாகிவிட வேண்டும். லாத்தா பின்கட்டுத் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். விளக்கின் மேல் ஒட்டடை. ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மெயினை நிறுத்தணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நானா கூடத்திலிருந்து, "வேணாம், சுவிட்ச ஆஃப் பண்ணுனா போதும். சிவநாதன் சொல்லியிருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். லாத்தா சுவிட்சை அணைத்தார்கள். சொன்னபடி கேட்டார்கள். காலில் செருப்பில்லை.

நான் போனபோது தரையில் ஈரம் காயவில்லை. உங்கள் ஆட்கள் வந்தார்கள், மின்துறையிலிருந்தும் ஒருவர் வந்தார். விளக்கின் உடம்பில் கசிவு என்று கண்டுபிடித்தார்கள். என்னிடம் கேட்டார்கள். உப்புக்காற்றில் தகடு அரித்துவிட்டது, பழைய வயரிங், எர்த் இல்லை என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்குப் போனேன். கூட்டமாக இருந்தது. பின்கட்டில் யாரும் இல்லாத நேரத்தில் போய், அங்கே விளக்குக் கம்பிகள் சேரும் சந்திப்புப் பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன வேலை செய்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் ஆனது. மாலையில் நானா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு முழுவதும் அணைந்திருந்தது.

"அவ போனதும் அதுவும் நின்னுட்டு பாருங்க, சிவநாதன்" என்றார்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நாற்பதாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் டைரியை என் முன்னால் விரித்தார். மார்கழிப் பக்கம். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "இத நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். நீங்க எவ்வளவு பொறுமையாச் சொன்னீங்க. எனக்கு மண்டையில ஏறல. வெளங்காதத வெளங்குன மாதிரி எழுதி வச்சிக்கிட்டு, அதையே அவகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். எந்த வாயால அஃபீஃபாவுக்குச் சொல்லுவேன்?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னை அடித்திருப்பார், அல்லது அழுதிருப்பார். அதன் பிறகு வியாழக்கிழமைகள் இருந்திருக்காது.

"படிக்கிற காலத்துல தப்பு வர்றது சகஜந்தான் நானா. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். மகள் பிடிவாதமாகக் கூப்பிட்டும் ஷார்ஜாவுக்குப் போகவில்லை. நேற்று உங்களிடம் வந்துவிட்டார்.

நான் கெட்டவன் இல்லை என்று இரவெல்லாம் எனக்கு நானே விளக்கிப் பார்த்தேன். அதை விளக்க எனக்குத் தெரிந்த உதாரணம் எதுவும் பொருந்தவில்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். நான், சுரக்குடி சிவநாதன், சொல்கிறேன். ஜவஹர் அலி எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதைச் சொல் பிசகாமல் எழுதினார். என்னிடம் படித்தவர்களில் அவரைப் போல ஒருவர் இல்லை. மார்கழிப் பக்கத்தில் இருப்பது என் பொய். அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த விளக்கு ஏன் எரிந்தது என்று முதல் நாள் கேட்டாரே, அதற்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதல் நாளே, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, டெஸ்டரை வைத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதையும் அவரிடம் சொல்லுங்கள். டைரியில் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது. சுவிட்சுக்கு ஃபேஸ் போக வேண்டிய இடத்தில் நியூட்ரல் போயிருந்தது. மெயினை நிறுத்திவிட்டு, சந்திப்புப் பெட்டியில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் போட வேண்டும். ஃபேஸ் சுவிட்ச் வழியாகவும் நியூட்ரல் நேராகவும் விளக்குக்குப் போக வேண்டும். அப்போது அணைத்தால் அணைந்துவிடும்.